அஞ்சலை போட்ட மார்க்

சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு செஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "இருபத்தைந்து வருஷமாகத் திண்டிவனத்தில் பொருளியல் சொல்லிக்கொடுத்தேன் என்கிறீர்களே அம்மா, அந்தப் பாடத்தால் யாருக்காவது ஏதாவது கிடைத்திருக்கிறதா?"

கிடைத்திருக்கிறது. வல்லம் பக்கத்தில் ஒரு காலனிக்குக் கேடயம் கிடைத்தது. நானே கிட்டே நின்று பார்த்தேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் பருவம். பஞ்சாயத்து அலுவலகத்துக்கு எதிரே சாமியானா போட்டிருந்தார்கள். புது ஃப்ளெக்ஸின் வாடையும், கேசரியில் தாராளமாகக் கொட்டிவிட்ட ஏலக்காயின் வாசமும் கலந்து மூக்கை அடைத்தது. மேடைக்குப் பக்கத்தில் ரோஜா மாலை போட்ட ஒரு வெள்ளை வேன் நின்றது. வேன் ஊருக்கு, கேடயம் காலனிக்கு என்று ஏற்பாடு.

"மனநிறைவு மிக்க குடியிருப்பு" என்று கேடயத்தில் பொன்னிறத்தில் பொறித்திருந்தது. காலனியின் சார்பில் வாங்கிக்கொள்ள அஞ்சலையைக் கூப்பிட்டார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மல்லாட்டைக் கொல்லையிலிருந்து நேராக வந்திருந்தார். நகக்கண்ணில் செம்மண் இன்னும் ஈரமாக இருந்தது. கேடயத்தை வாங்கி, முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, கீழே இறங்கி என்னிடம் வந்தார்.

"இத்த இன்னா பண்றது டீச்சரம்மா?"

"வீட்ல வைங்கம்மா."

"எங்க வெக்கறது? மேல வெச்சா ஓடு ஒழுவுது. கீழ வெச்சா அவரு காலு இடிக்கும்."

அதற்கு நலப் பொருளியலில் பதில் இல்லை. நான் கேசரி சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

கூட்டிப் பார்த்தால் சமூகம்

கேடயம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் பாடத்தைக் கொஞ்சம் நடத்தியாக வேண்டும். பயப்பட வேண்டாம், பரீட்சை வைக்க மாட்டேன்.

ஒரு சமூகம் நன்றாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமா? அதிலிருக்கும் ஒவ்வொருவரும் தான் எவ்வளவு நன்றாக இருப்பதாக நினைக்கிறார் என்று பார். எல்லாவற்றையும் கூட்டிக்கொள். அவ்வளவுதான். பாதை இருக்கிறதா, கூரை ஒழுகுகிறதா என்றெல்லாம் தனியாகப் பார்க்க வேண்டியதில்லை. அவரவர் நலம் அவரவருக்குத்தான் தெரியும், வெளியாள் அதில் மூக்கை நுழைக்கக் கூடாது. இந்த ஒரு கருத்தின் மேல்தான் நான் குடும்பம் நடத்தினேன், பிள்ளையைப் படிக்கவைத்தேன்.

விழுப்புரத்தில் நான் படித்தபோது எங்கள் பேராசிரியர் இதை ஒரு மஞ்சள் நோட்டைப் பார்த்து வாசிப்பார், நாங்கள் எழுதிக்கொள்வோம். கால்புள்ளி எங்கே என்றுகூடச் சொல்வார். ஒருநாள் என் தோழி எழுந்து, "சார், ஒருத்தர் பொய் சொன்னா?" என்று கேட்டாள். "அது பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றார். பிறகு நான் திண்டிவனத்தில் பாடம் எடுக்கத் தொடங்கியபோது என் நோட்டு வெள்ளையாக இருந்தது. இப்போது அதுவும் மஞ்சள்தான்.

இன்னொரு விதியும் உண்டு. யாருக்கும் குறையாமல் ஒருவருக்காவது கூடினால் அது முன்னேற்றம். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்த வருஷங்களில் இந்த விதிப்படி நடந்த முன்னேற்றங்களை ஜன்னல் வழியே நிறையப் பார்த்திருக்கிறேன். கூடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தெருவில் இருப்பார்கள். காலனிகளில் யாருக்கும் எதுவும் குறைந்ததில்லை. குறைவதற்கு அங்கே எதையும் வைத்தால்தானே.

இப்படியிருக்கையில், சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளை என்னைத் தேடி வந்தது. பெயர் வேண்டாம். திட்ட அலுவலர் பிரணவ், முப்பது வயதுக்குள் இருப்பார், கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். நல்ல பிள்ளை. எதைச் சொன்னாலும் "டேட்டா சொல்லும் மேடம்" என்றுதான் முடிப்பார்.

ஒரு பஞ்சாயத்துக்கு அவர்கள் ஒரு வேன் தருவார்கள். காலையில் திண்டிவனம் போகும், மதியத்துக்கு மேல் திரும்பும். அது ஊருக்கா காலனிக்கா என்பதை மக்களே முடிவு செய்வார்களாம். எப்படி? ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: உங்கள் வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்? சராசரி எங்கே குறைவோ, அங்கே வேன். கூடுதலாக வந்த பக்கத்துக்குப் பாராட்டி ஒரு கேடயம்.

கேள்வி கேட்கப் பிள்ளைகளை அனுப்ப நான் ஒப்புக்கொண்டேன். கரும்பலகையில் மட்டும் பார்த்ததை மண்ணில் பார்க்கலாம் என்று எனக்கு ஆசை. கல்லூரி ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் நிரம்பும் என்று முதல்வருக்கு ஆசை. எங்கள் இருவர் நலத்தையும் கூட்டினால் நல்ல சராசரி வந்திருக்கும்.

ரெண்டு போட்டுக்க

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தார்ச்சாலை ஓரத்தில் ஊர். பஸ் அங்கே நிற்கும். அங்கிருந்து ஓடையைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் மண்பாதையில் போனால் காலனி. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் காலனிப் பெண்களும் போகலாம், ஒரு தடையும் இல்லை. ஏறுவதற்கு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும், அவ்வளவுதான். "மத்தபடி ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றார் பஞ்சாயத்துத் தலைவர்.

மாணவிகள் முதலில் ஊருக்குப் போனார்கள். முதல் வீடு இரண்டு மாடி. வாசலில் டிராக்டர், பக்கத்தில் அறுவடை மிஷின். நிலைப்படிக்கு மேலே கண் பிதுங்கிய பூதத்தின் முகம், அதற்குக் கீழே எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கயிறு. வீட்டுக்காரர் கேள்வியைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னாத்தம்மா சொல்றது. ஏதோ ஓடிக்கினு இருக்குது. ரெண்டு போட்டுக்க."

அடுத்த வீட்டில் மூன்று. அதற்கடுத்த வீட்டில் மகன் வெளிநாட்டில் இருந்தான். அந்தம்மா ஒன்றரை போட முடியுமா என்று கேட்டார்.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் சின்னம்மா விழுப்புரத்தில் புது வீடு கட்டிக் குடிபோன அன்று, வந்தவர்களிடமெல்லாம் முழங்கால் வலியைப் பற்றியே பேசினாள். மார்பிள் தரையை யாராவது மெச்சினால், "வழுக்குது, இதுல விழுந்துதான் சாவப்போறேன்" என்பாள். நன்றாக இருக்கிறேன் என்று வாயால் சொன்னால் கண் பட்டுவிடும். அதுவும் முன்பின் தெரியாத பெண் வாசலில் வந்து நின்று கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்? வசதி ஏற ஏற மார்க்கைக் குறைத்துச் சொல்வதுதான் எங்கள் ஜில்லாவில் காப்பீடு.

பொண்ணு பாஸாவட்டும்

காலனிக்குப் போனவள் சங்கீதா. இறுதியாண்டு மாணவி, வாய் ஓயாமல் பேசுவாள். அவள் கேள்வியைக் கேட்டதும் குழாயடியில் இருந்த பெண்கள் திருப்பிக் கேட்டார்கள்.

"பத்துக்கு எவ்ளோ வாங்கினா பாஸும்மா?"

"இது பரீட்சை இல்லக்கா. உங்க வாழ்க்கைக்கு நீங்க போடற மார்க்கு."

யாரும் நம்பவில்லை. காலேஜ் பெண், கழுத்தில் அட்டை, வேகாத வெயிலில் வீடு வீடாக மார்க் கேட்டு அலைகிறாள். பரீட்சை இல்லாமல் வேறு என்னவாக இருக்கும்? தங்கள் வாழ்க்கைக்கு யாராவது மார்க் கேட்டு வருவார்கள் என்பதை நம்புவதற்கு அவர்கள் அத்தனை அப்பாவிகள் இல்லை.

"பாவம்டி, மூஞ்சி சுண்டிக்கினு நிக்குது. பத்தே போட்டு அனுப்பு. பொண்ணு பாஸாவட்டும்."

பத்து, பத்து, பத்து. ஒரு பெரியவர் பன்னிரண்டு போடலாமா என்று கேட்டிருக்கிறார். சங்கீதாவுக்கு எல்லா வீட்டிலும் தண்ணீர், இரண்டு வீட்டில் வேகவைத்த மல்லாட்டை, ஒரு வீட்டில் கேப்பைக் களி. அஞ்சலை வீட்டிலும் பத்துதான்.

திரும்பி வரும்போது காரில் சங்கீதா இதையெல்லாம் நடித்துக் காட்டினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிரணவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் ஆய்வு கெட்டுவிடும், ஆண்டறிக்கைப் பக்கம் காலியாகிவிடும். கூட்டிப் பார்த்தால் எப்படியும் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கூட்டிப் பார்த்தார்கள். ஊரில் துயரம் தாங்க முடியவில்லை. காலனியில் ஆனந்தம் பொங்கி வழிந்தது. டேட்டா சொல்லிவிட்டது.

அப்படித்தான் கேடயம் வந்தது. அன்று சாமியானாவுக்கு வெளியே அஞ்சலை என்னிடம் இன்னொன்றும் கேட்டார்.

"அந்த வண்டி எங்க பக்கம் வராதுங்களா?"

"மார்க் கொறைச்சலா வந்த பக்கத்துக்குத்தாம்மா வண்டி."

மாலை போட்ட வேனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப அந்தப் பொண்ணு பாஸாயிடிச்சா?" என்றார். ஆமாம் என்று சொன்னேன். எனக்கு அன்றைக்கு வாயில் வந்தது அந்த ஒரு பொய்தான்.

ஏழுமலைக்கு வாரம் இரண்டு நாள்

அஞ்சலையின் வீட்டுக்காரர் ஏழுமலை. வானூர் பக்கம் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரம் இரண்டு நாள் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ்.

அன்றைக்கெல்லாம் அஞ்சலை பக்கத்து வீட்டு சைக்கிளை வாங்கி, கேரியரில் அவரை உட்காரவைத்து, இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு பஸ்ஸுக்கு வருவார். திரும்பும்போது அவருக்குத் தலை சுற்றும். விழுந்துவிடாமல் இருக்க அவர் இடுப்பையும் சைக்கிள் சீட்டையும் சேர்த்துத் துண்டால் கட்டி, மறுபடி தள்ளுவார். மழை வந்தால் ஓடையில் சைக்கிள் இறங்காது. அந்த வாரம் டயாலிசிஸ் இல்லை. ஒருமுறை விட்டால் முகமும் காலும் வீங்கும். இரண்டு முறை விட்டால் மூச்சு வாங்கும். மூன்றாவது முறை விட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் அஞ்சலையைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

ஊருக்கு வந்த வேனோ முதல் மாதம் காலியாக ஓடியது. எல்லா வீட்டிலும் பைக் இருக்கிறது, வேனில் ஏறுவதற்கு யாருக்குப் பொழுது? அப்புறம் அமாவாசைக்கு மேல்மலையனூர் போயிற்று. இரண்டு கல்யாணத்துக்குப் போயிற்று. டிராக்டர் வீட்டுக்குத் திண்டிவனத்திலிருந்து சோபா ஏற்றி வந்தது. ஆறு மாதத்தில் பிரணவ் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கல்லூரிக்கு வந்தார்.

அப்போதுதான் பரீட்சைக் கதையையும் ஏழுமலை படும் பாட்டையும் அவரிடம் சொன்னேன். டேப்லெட்டில் பழைய எண்களைத் திறந்து பார்த்தார்.

"வண்டிய மாத்தலாம் மேடம். ஆனா போர்டுக்கு புது டேட்டா வேணும். நீங்களே நேர்ல போய்ப் பத்து வீடு மறுபடி கேளுங்க. அந்த டயாலிசிஸ் வீடு ரொம்ப முக்கியம். அவங்களே பத்துன்னு சொல்லிட்டா யாரும் ஒத்துக்க மாட்டாங்க."

எதுக்கு மார்க்கு கொறைக்கிறீங்க

பிரணவின் காரில் காலனிக்குப் போனேன். இந்த முறை முதலிலேயே விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டேன்: மார்க் குறைந்தால் வண்டி வரும். குழாயடியில் ஒரே உற்சாகம்.

"இத்த அப்பவே சொல்ல வேணாமா? ஒண்ணு போட்டுக்குங்க."

"எனக்கு சைபர் போடுங்க டீச்சரம்மா."

பன்னிரண்டு கேட்ட பெரியவர் சைபருக்குக் கீழே போக வழியுண்டா என்று கேட்டார். ஒரே காலையில் ஒரு காலனியே துயரத்தில் மூழ்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

கடைசியாக அஞ்சலை வீடு. ஏழுமலை கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "குந்துங்க" என்று அஞ்சலை பாயை உதறிப் போட்டார். எனக்குத் தண்ணீர் கொடுத்தார், ஆனால் வாசலுக்குக் கூட்டிப்போய்க் கொடுத்தார். ஏழுமலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. அவர் எதிரில் அந்த வீட்டில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. சித்திரை வெயிலிலும் அஞ்சலை வெளியே போய்த்தான் குடிப்பாராம். இதைப் பக்கத்து வீட்டுப் பெண் எனக்குச் சொன்னாள்.

கேள்வியைக் கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்பதையும் சொன்னேன்.

"பத்து" என்றார் அஞ்சலை.

"அம்மா, இது வண்டிக்காக. பொண்ணு பாஸ் ஆவறதுக்கு இல்ல."

"தெரியுது. பத்துதான்."

"பத்துன்னா வண்டி வராதும்மா."

"வண்டி வேணும்னா, வண்டி இல்லன்னு எழுதுங்க. ரோடு இல்லன்னு எழுதுங்க. ஓடையில தண்ணி வந்தா இவர இட்டுக்கினு போவ முடியலன்னு எழுதுங்க. அத்தினியும் நெஜம். எங்க பொழப்புக்கு எதுக்கு மார்க்கு கொறைக்கிறீங்க?"

இத்தனை வருஷம் பாடம் எடுத்தவளிடம் ஒரு பாயில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்டார். படிவத்தில் ரோடுக்கு இடம் இல்லை, ஓடைக்கு இடம் இல்லை. ஒரு சின்னக் கட்டம்தான் இருந்தது, பத்துக்குள் ஓர் எண் எழுதுவதற்கு.

கணவர் காதில் விழும் என்றுதான் பிடிவாதம் பிடிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. குழாயடிக்குத் தனியாகக் கூட்டிப்போனேன். "இங்க அவர் இல்ல. இப்ப சொல்லுங்க" என்றேன்.

"உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணா? இருபத்தி ஆறு வருசம் அந்த மனுசங்கூட இருந்துட்டேன். ஒருநாளு கை ஓங்கனதில்ல. குடிச்சதில்ல. கூலி வாங்கினு வந்தா என் கையில குடுத்துட்டுத்தான் கால் கழுவுவாரு. அவரு படுத்துட்டாருன்னு இப்ப எத்தினி மார்க்கு கழிக்கச் சொல்றீங்க?"

பத்து என்று எழுதிக்கொண்டேன். பென்சிலில். விடைத்தாள் கூட்டிப் பழகிய கை, எதையும் முதலில் பென்சிலில்தான் எழுதும்.

ஒரு சுழி

மறுநாள் ஆசிரியர் அறையில் அந்தப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஓடையில் தண்ணீர் வந்துவிடும். அடுத்தவர் நலத்தில் வெளியாள் மூக்கை நுழைக்கக் கூடாது என்று அன்று காலைதான் முதலாண்டு வகுப்புக்குச் சொல்லியிருந்தேன்.

ரப்பரை எடுத்து, பத்தில் இருந்த சுழியை அழித்தேன். ஒன்று நின்றது.

தப்பு என்று தெரியும். அதே கணத்தில் எனக்கு ரொம்பப் பெருமையாகவும் இருந்தது. மூளையில்லாத ஒரு படிவத்தை ஏமாற்றி ஓர் உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். வேனும் வந்தது. இன்றும் அங்கே ஓடுகிறது. அதனால்தான் ஊர்ப் பெயரையும், ஆட்களின் நிஜப் பெயரையும் எழுதவில்லை.

காலனியில் வேனைத் தொடங்கிவைத்த நாளில் நான் போக முடியவில்லை. விடைத்தாள் திருத்தும் வேலை. சங்கீதா படம் அனுப்பியிருந்தாள். வேனின் பக்கவாட்டில் அஞ்சலையின் முகம், சிரித்துக்கொண்டு. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில்: "என் வாழ்க்கைக்கு நான் போட்ட மார்க் 1. இனி உயரும்." பிரணவின் ஆட்கள் ஒட்டியது. படத்தைப் பெரிதாக்கி அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். பிறகு, அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இப்படித் தேற்றிக்கொள்ளவும் ஒரு படிப்பு வேண்டும்.

ஏழுமலை எட்டாவது வரை படித்தவர் என்பது எனக்குத் தெரியாது.

வேனில்

ஒரு மாதம் கழித்து, நான் வாங்கிக் கொடுத்த வேன் எப்படி ஓடுகிறது என்று பார்க்கத் திண்டிவனத்தில் மதியம் அதில் ஏறினேன். ஏழுமலை ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்தார். வேன் வந்தபிறகு துணை தேவையில்லை, அஞ்சலை மல்லாட்டை பிடுங்கப் போய்விட்டார். அவர் முழங்கையில் ஊசி குத்திய இடத்தில் புதுக் கட்டு. என்னைப் பார்த்துக் கும்பிட்டார். வல்லம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"அன்னைக்கி ஊட்டுல என் எதிர்ல பத்துன்னுச்சு. அப்பறம் நீங்க அத்த வெளிய இட்டுக்கினு போனீங்க. அங்கதான் ஒண்ணுன்னு சொல்லிச்சுங்களா?"

"எல்லாரும் வண்டிக்காகக் கொறைச்சுத்தானே சொன்னாங்க" என்று மழுப்பினேன்.

"வண்டிக்காவ சொல்ற ஆளு இல்லீங்க அது. நீங்க அவ்ளோ கேட்டும் மசியல, நான் படுத்துக்கினு கேட்டுக்கினுதான் இருந்தேன். வெளிய போயி ஒண்ணுன்னு சொல்லிச்சுன்னா நெஜத்தத்தான் சொல்லிக்கும். தப்பு இல்லீங்க. சைக்கிள் தள்ளித் தள்ளி அதும் தோளு எறங்கிப் போச்சு. நான் பாத்துக்கினுதான இருக்கேன்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "இனிமே போவ வேணாம்னு இருக்கறேன். நான் ஒருத்தன் இல்லன்னா அதுக்கு மார்க்கு ஏறும்."

"நான்தான் அழிச்சேன்" என்றேன். "அவங்க பத்துன்னுதான் சொன்னாங்க, உள்ளயும் வெளியயும். நான்தான் ரப்பர் வெச்சு அழிச்சேன்."

ஏழுமலை என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க நல்லவங்க டீச்சரம்மா. எனுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்க."

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முழு உண்மையைச் சொன்னேன், அது உபசாரமாகப் போய்விட்டது. வேன் ஓடையில் இறங்கி ஏறிக் காலனிக்குப் போய் நின்றது.

அஞ்சலை அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு வாசலில், ஏழுமலையை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வேனில் என்ன எழுதியிருக்கிறது, அது எப்படி வந்தது, ஏழுமலை என்ன முடிவில் இருக்கிறார், எதையும் விடவில்லை.

அஞ்சலை திரும்பி வேனைப் பார்த்தார். தன் படத்தைப் பார்த்தார்.

"ஒண்ணாம் நம்பர் வண்டின்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்றார்.

பிறகு ஏழுமலையிடம் போனார். "பத்துன்னு நான் சொன்னத காதால கேட்டியா இல்லியா?"

"கேட்டேன்."

"வாயால நான் சொன்னத உட்டுட்டு, தகரத்துல ஒட்டிக்கிறத நம்புவியா நீ? வெள்ளிக்கெழம வண்டியில ஏறுற. ஏறலன்னா பழையபடி துண்ட போட்டு சைக்கிள்ள கட்டிக்கினு போவேன்."

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். கட்டுப் போட்ட கையால் முகத்தைத் துடைத்தார். "சரி, போறேன்" என்றார்.

பிரணவிடம் உண்மையைச் சொல்லி அந்தப் படத்தை எடுக்கச் சொல்கிறேன் என்றேன்.

"சொன்னா வண்டி போயிடுமா?"

"போனாலும் போயிடும்."

"அப்ப சொல்லாதீங்க. இருந்துட்டுப் போவட்டும்."

அழுகை வந்தது எனக்கு. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அஞ்சலை அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

"உங்க இஷ்டத்துக்கு எழுதிக்கிறவங்க, எங்ககிட்ட எதுக்கு டீச்சரம்மா கேக்க வந்தீங்க?"

வேன் தார்ச்சாலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பஞ்சாயத்து அலுவலகத்தில்தான் அதை நிறுத்துவார்கள். டிரைவர் ஹாரன் அடித்து, "டீச்சரம்மா, பஸ்ஸுக்கு உட்டுட்டுப் போறேன், ஏறுங்க" என்றார்.

"அவங்க நடந்து வருவாங்க. நீ போ" என்றார் அஞ்சலை.

டிரைவர் என்னைப் பார்த்தார். போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். வேன் போய்விட்டது. அஞ்சலை உள்ளே போய் ஏழுமலையைக் கட்டிலில் உட்காரவைப்பது கேட்டது. மணி மூன்று இருக்கும், வெயில் இன்னும் இறங்கவில்லை. காரிலும் வேனிலும் வந்த பாதைதான். அதில் கால் வைத்து நடந்தது அன்றைக்குத்தான்.